இரண்டு அங்குலம்

முப்பது வருஷமாக அளவெடுக்கிறேன். துணி தைப்பதற்காக அல்லாமல் நான் அளவெடுத்தது ஒருத்திக்குத்தான். பூமாரியை மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்புக்கு இரண்டு பக்கமும் தடித்த புத்தகம் ஒவ்வொன்றை நிமிர்த்தி அணைத்து, நடுவே டேப்பை நேராகப் பிடிக்க வேண்டும். சுற்றளவு உதவாது. துணி உடம்பைச் சுற்றி வரும், மரம் வராது. ஒரு புத்தகம் என்னுடைய பன்னிரண்டாம் வகுப்பு வரலாறு. மற்றது அவள் அப்பா இசக்கியப்பன் ஐ.டி.ஐ.யில் படித்த ஃபிட்டர் புத்தகம். முதல் தடவை ஏழேகால் அங்குலம் வந்தது. இரண்டாம் தடவை எட்டேகால். மூன்றாம் தடவை எடுக்கவில்லை.

இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூர் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர் உள்ளே எங்கள் வீடு. நிலம் கம்பெனிகளுக்குப் போனபிறகு என் அண்ணன் ரகுபதி, மாடு கட்டியிருந்த இடத்தில் வரிசையாக ஆறு ரூம் போட்டு வாடகைக்கு விட்டான். சிமென்ட் ஷீட் கூரை. சித்திரையில் உள்ளே இருக்க முடியாது, ஐப்பசி மழையில் பேசினால் காது கேட்காது. புருஷன் செத்து அண்ணனோடு வந்துவிட்ட எனக்கு முதல் ரூம். அதில் என் தையல் மிஷின். இரண்டாவது ரூமுக்கு இரண்டாயிரத்து இரண்டில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து இசக்கியப்பனும் கனகலட்சுமியும் வந்தார்கள்.

அவன் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வெல்டிங் லைனில் வேலை. மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். அவள் ஒயர் கட்டுகிற கம்பெனியில் பகல் ஷிப்ட் மட்டும். வந்த அன்றைக்குத் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"இன்னா, புள்ள தூங்குதா? உள்ள பாய் போட்டுப் படுக்க வெய்யி" என்றான் அண்ணன்.

"தூங்கலண்ணாச்சி. முழிச்சிட்டுத்தான் இருக்கா" என்றாள் கனகலட்சுமி.

நான் அப்போதுதான் பின்பக்கம் போய் முகத்தைப் பார்த்தேன். கண் நன்றாக விழித்து என்னைப் பார்த்தது. தலை நிற்கவில்லை. மூன்று வயது. பிறக்கும்போது அழ நேரமாகிவிட்டதாம். அதனால் மூளையில் ஏதோ அடிபட்டு, கை கால் ஒரு நேரம் விறைத்துக்கொள்ளும், ஒரு நேரம் துவண்டுவிடும். பேச்சு கிடையாது. ஆனால் புரியாமல் இல்லை. என் அண்ணி பாஞ்சாலி தட்டு நிறைய கேழ்வரகுக் களி தின்பதைப் பார்த்தால் வாயைப் பிளந்து சிரிப்பாள். அண்ணி, "பாருடி, இத்தினியூண்டு இருந்துகினு என்னைக் கிண்டல் பண்ணுது" என்பாள்.

ஒரு மாதத்தில் பூமாரி என்னிடமும் இருக்கப் பழகிவிட்டாள். இரண்டு பேருக்கும் பகல் ஷிப்ட் சேர்ந்துவிடும் வாரங்களில் காலை ஏழு மணிக்கு என் ரூமில் விட்டுப்போவார்கள். மிஷின் பக்கத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்துக்கொள்வேன். தைக்கிற சத்தம் அவளுக்குப் பிடிக்கும். நிறுத்தினால் முனகுவாள். "தோ தெக்கிறேன்டி, சூப்பர்வைசரு" என்று காலை மிதிப்பேன்.

கஷ்டம், சாப்பாடுதான். படுத்துச் சாப்பிட்டால் கஞ்சி வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போய்விடும். அப்படியே ஒரு வருஷத்தில் இரண்டு தடவை நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பூந்தமல்லியில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. அங்கே மரகதம் என்று ஒரு மேடம். அவர் ஒருநாள் எங்கள் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மாத்திரையவிட இவளுக்கு நாற்காலிதான் முக்கியம். நேரா உக்காந்தா முழுங்குவா. சாஞ்சா புரையேறும். மூணாவது தடவ வந்தா தாங்க மாட்டா. நான் மறைச்சிப் பேசல."

ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். அடிப்பலகை, முதுகுப்பலகை, இரண்டு பக்கப்பலகை, முன்னால் கை வைக்க ஒரு பலகை, கால் ஊன்ற ஒன்று. அகலம் இடுப்பளவோடு பக்கத்துக்கு ஒரு விரல், முக்கால் அங்குல இடம், அவ்வளவுதான். அந்த வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்திருந்தார்.

அந்த நாளில் கம்பெனிகளுக்குக் கன்டெய்னரில் வரும் சாமானெல்லாம் பிளைவுட் பெட்டியில்தான் வரும். பிரித்துப்போட்ட பலகையை ஸ்கிராப்காரர்கள் ரோட்டோரம் அடுக்கி விற்பார்கள். எங்கள் ஊரில் அப்போது கோழிக்கூண்டு, கக்கூஸ் கதவு, டிவி ஸ்டாண்டு எல்லாமே அந்தப் பலகைதான். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில், பெட்டிமேல் அச்சடித்திருந்த ஒரு குடைப் படமும் ஒரு கண்ணாடி டம்ளர் படமும் வெகுகாலம் இருந்தன. இசக்கியப்பன் நான்கு பலகை வாங்கிவந்தான். பெட்டி அடிக்கும் கான்ட்ராக்டில் இருந்த ஐயனார் என்பவர் வேலையை விட்டுப் போகும்போது, அவருடைய பழைய கட்டிங் மிஷினையும் வாங்கிக்கொண்டான். கையால் பிடித்துத் தள்ளுகிற வட்ட ரம்பம். கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் வைத்து வெறுங்கையால் கோட்டின்மேல் ஓட்டினான். பாதி தூரத்தில் பாம்பு போன மாதிரி வளைந்தது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னாபா இசக்கி, ரோடு போடறியா? வளைவுல ஒரு போர்டு வெச்சிடு, வண்டி கவுந்துடப் போவுது."

"கை நடுங்குது அண்ணாச்சி."

"கரண்டு மீட்டரு ஓடறதப் பாத்தா எனக்குந்தான் நடுங்குது."

இசக்கியப்பன் சிரிக்கவில்லை. அறுத்த ஓரத்தில் கையை வைத்துத் தடவிப் பார்த்தான். மரநார் சிலாம்பு சிலாம்பாக எழும்பியிருந்தது. "இதுல எம்பிள்ளைய உக்கார வைக்க முடியாது" என்றான்.

அடுத்த ஞாயிறு வரை யோசித்துக்கொண்டே இருந்தான். பிறகு ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து யூனிபார்மைக்கூடக் கழற்றாமல் என் ரூம் வாசலில் நின்றான்.

"யக்கா, கம்பெனியில நாங்க கையால பிடிச்சா வெல்டு வைக்கோம்? எல்லாத்துக்கும் ஜிக்கு இருக்கும். சாமான அதுல வச்சா, அது போற எடத்துக்குத்தான் போவும். புதுசா வந்த பயலும் தப்பு பண்ண முடியாது. இதுக்கும் ஒண்ணு செஞ்சா என்ன?"

"செய்யேன். என்னைக் கேட்டா எனுக்கு இன்னா தெரியும்?"

"பிடிக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா."

அப்படித்தான் மிஷினை நேராக ஓட்டவைக்கும் அந்தக் கைடு செய்ததில் எனக்கும் ஒரு கை இருந்தது. ஆறடி நீளத்தில் ஒரு பலகைத் துண்டு எடுத்தான். அதன்மேல், கம்பெனியே வெட்டிய நேரான ஓரம் உள்ள ஒரு பட்டையைப் பசைபோட்டு, ஸ்குரூ போட்டு இறுக்கினான். மிஷினின் அடித்தகட்டை அந்தப் பட்டையோடு ஒட்டவைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே ஓட்டாக ஓட்டினான். அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகை அறுந்து விழுந்தது. மீதியிருந்த ஓரத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.

"இந்த ஓரம் எங்க இருக்கோ, அங்கதான் பிளேடு போவும். இனிமே அளக்கவே வேண்டாம். பென்சில் கோட்டுல இத வச்சி ரெண்டு பக்கமும் கிளாம்பு போட்டு ஓட்ட வேண்டியதான்."

"வேற மிஷினு வெச்சா?"

"வராது. இந்த மிசினு வெட்டுனது, இந்த மிசினுக்குத்தான்."

எனக்கு அது உடனே பிடித்துவிட்டது. நாங்களும் அட்டையில் பேட்டர்ன் வெட்டி வைத்துக்கொண்டுதானே தைக்கிறோம். முற்றத்தில் டிவி பெட்டியின் தெர்மாகோல் துண்டுகளைப் பரப்பி, அதன்மேல் பலகையைப் போடுவோம். பிளேடு தரையில் படாது. கோட்டின்மேல் செலோடேப் ஒட்டினால் சிலாம்பு எழும்பாது. அறுந்து விழப்போகிற பக்கத்தை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். "தூக்காதிய, அமுக்காதிய, சும்மா தாங்குங்க" என்பான்.

பூமாரி திடீர்ச் சத்தம் கேட்டால் விறைத்துக்கொள்வாள். கை இரண்டும் பக்கவாட்டில் பறந்து, முகம் நீலமாகிவிடும். அதனால் கனகலட்சுமி அவளை மடியில் வைத்துக்கொண்டு தூரத்தில் உட்கார, இவன் சுவிட்சைத் தொடுமுன் ஒவ்வொரு தடவையும் சொல்வான்:

"பூமாரி, அப்பா மிசின் போடப் போறேன், என்ன?"

இரண்டு மூன்று தடவையில் அவளுக்குப் பழகிவிட்டது. அவன் சொன்னதும் வாயைப் பெரிதாகத் திறந்து காத்திருப்பாள். அந்த வாய் திறந்த பிறகுதான் அவன் சுவிட்சை அமுக்குவான். சத்தம் வந்ததும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்காகவே வேண்டாத துண்டை எல்லாம் இரண்டாக அறுத்தான். "போதும் நிறுத்துங்க, விறகுக்கடையா வைக்கப் போறிய" என்று கனகலட்சுமி வைவாள்.

எட்டேமுக்கால் அங்குலத்தில் அந்த நாற்காலி அமைந்தது. ஓரமெல்லாம் உப்புத்தாள் தேய்த்து, என் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னான். பை தைக்கிற நாடாவில் இடுப்புக்கு ஒரு பெல்ட் தைத்துக் கொடுத்தேன். முதல் நாள் உட்காரவைத்தபோது தலை ஒருமுறை ஆடி, நின்றது. அவள் வீதியைப் பார்த்தாள். அதுவரை கூரையைப் பார்த்த பிள்ளை.

கனகலட்சுமி கருப்பட்டி போட்டு உளுந்தங்களி கிண்டி, நெய்போல் குழைத்து ஊட்டினாள். முழுங்கினாள். இன்னொரு வாய். புரையேறவில்லை. "எளா, நீ உக்காந்து தின்னுட்டியே" என்று சொல்லிக் கனகலட்சுமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் வெளியே போய் பீடி பற்றவைத்தான்.

அடுத்த ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. கன்னத்தில் சதை வைத்தாள். நான் தைத்த பாவாடையெல்லாம் சிறுத்தது. ஒவ்வொரு பாவாடையிலும் உள்ளே இரண்டு மடிப்பு விட்டு, பிரித்துப் பிரித்து இறக்கினேன். வளர்கிற பிள்ளைக்கு யார்தான் அளவோடு தைப்பார்கள்? ஜூன் மாதம் யூனிபார்ம் தைக்க வரும் ஒவ்வொரு அம்மாவும் அதைத்தான் சொல்வாள். சொல்லாவிட்டாலும் நான் விடுவேன். என் கையே அப்படித்தான் வெட்டும்.

இரண்டாயிரத்து ஐந்து மே மாதம் நாற்காலி இறுக்கிப்பிடித்தது. தொடையில் பலகை பட்டுச் சிவந்துபோனது. அதற்குள் கம்பெனிகள் பெட்டியை விட்டு இரும்புக் கூண்டுக்கு மாறிவிட்டன. கூண்டு காலியானால் திரும்பிப் போய்விடும், பலகை என்ற பேச்சே இல்லை. ஸ்கிராப் கடைகளில் தேடியும் நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இசக்கியப்பன் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த ஒரே ஒரு பலகைதான் மிச்சம்.

நான் புத்தகங்களை வைத்து அளந்தேன். எட்டேகால். அவன் மரகதம் மேடத்தின் தாளை விரித்து வைத்துக்கொண்டு, "அப்போ ஒம்பதே முக்கால்" என்று பென்சிலை எடுத்தான்.

"இரு இரு" என்றேன். "ஒம்பதே முக்கால்ல அறுத்தா அடுத்த வருசம் இன்னா பண்ணுவ? பலகைக்கு எங்க போவ? ரெண்டு இன்ச்சு கூட வெய்யி."

"தாளுல அப்படி இல்லியேக்கா."

"தாள எழுதனவங்களுக்குப் பலகை கெடைக்காதுன்னு தெரியுமா? ரெண்டு பக்கமும் ஒரு இன்ச்சுக்குத் தலகாணி தெச்சித் தரேன். வளர வளர பஞ்ச எடுத்துடு. பாவாடைக்கு மடிப்பு வுடல? அத்தான் இதுவும்."

"மரம் துணி இல்லியேக்கா. துணின்னா பிரிச்சுக்கிடலாம்."

"தெக்கிறவ நான் சொல்றேன். எத்தினி புள்ளைங்கோ என் கையில வளந்துக்கீது."

அவன் கனகலட்சுமியைப் பார்த்தான். அவள், "அக்கா சொல்லுததும் சரிதான. ஒத்தப் பலவைதான் கெடக்கு" என்றாள்.

பென்சில் கோட்டை அழித்துவிட்டு, இரண்டு அங்குலம் தள்ளி வேறு கோடு போட்டான். கைடை அதன்மேல் வைத்தான். கிளாம்பு போட்டான். "பூமாரி, அப்பா மிசின் போடப் போறேன், என்ன?" வாய் திறந்தது. நான் மறுபக்கம் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கைடு எவ்வளவு சரியாக வெட்டும்! பதினொன்றே முக்கால், ஒரு மயிரிழை அந்தண்டை இந்தண்டை இல்லை.

பயிற்சி மையத்துக்கு அது விடுமுறை மாதம். ஜூனில் மரகதம் மேடம் பார்த்தபோது தலையணையை விரலால் அமுக்கிப் பார்த்தாராம். "செஞ்சது செஞ்சாச்சு. தலகாணி இல்லாம இதுல ஒரு வாய்கூட ஊட்டக் கூடாது" என்றாராம். கனகலட்சுமி என்னிடம் வந்து சொன்னாள். நான் தலையணைக்கு நாடா வைத்துப் பலகையோடு கட்டிக் கொடுத்தேன். ஐந்து மாதம் ஒன்றும் ஆகவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்த பிடியை விடவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட, ரோட்டில் வண்டிகள் நின்றன. தீபாவளிக்கு ஒரு வாரம்தான். என் ரூமில் தலைக்குமேல் துணி. ஜாக்கெட்டு, பாவாடை, சுடிதார், நெசவுக்காரத் தெரு பெண்கள் கொண்டுவந்த பட்டுத்துண்டு. கால் வைக்க இடமில்லாமல் துணி.

அந்த வாரம் இசக்கியப்பனுக்கு காலை ஷிப்ட், கனகலட்சுமிக்கும் பகல். ஒருநாள் சாயங்காலம் பூமாரி தலையணைகளை நனைத்துவிட்டாள். மறுநாள் காலையில் கொஞ்சம் வெயில் காட்டியதைப் பார்த்துக் கனகலட்சுமி அவற்றை அலசிக் கொடியில் போட்டாள். "பதினோரு மணிக்கெல்லாம் காஞ்சிரும்க்கா. காயலன்னா மடியில வச்சிக் குடுங்க, என்ன?" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

ஒன்பதரைக்கு மழை பிடித்தது. தலையணை சொட்டச் சொட்டக் கொடியில் கிடந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி காய்ச்சி, கருப்பட்டி போட்டு ஆற்றினேன். மடியில் வைத்து ஊட்டினால் ஒரு மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்கு ஒரு பெண் ஜாக்கெட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள், அதற்கு இன்னும் கொக்கி வைக்கவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து பெல்ட்டைப் போட்டேன். இரண்டு பக்கமும் இடம் விழுந்தது. எதையாவது வைத்து அடைக்கலாம் என்று சுற்றிலும் பார்த்தேன். அறை நிறையத் துணி, எல்லாம் ஊரார் துணி, தீபாவளித் துணி. கஞ்சி பட்டால் யார் பதில் சொல்வது? நாலு வாய்தானே என்று நினைத்தேன்.

இரண்டு வாய் முழுங்கினாள். மூன்றாவது வாய் கொடுத்தபோது வாசலில் குரல் கேட்டது. "சசிக்கா, என்து ஆச்சா?" திரும்பி, "ரெண்டு மணிக்கினு சொன்னேன்ல" என்றேன். அவள் குடையை மடக்காமல் ஏதோ சொன்னாள். நான் ஏதோ பதில் சொன்னேன். அவ்வளவுதான் நேரம்.

திரும்பியபோது பூமாரி இடப்பக்கம் சரிந்து, பக்கப்பலகைக்குள் முகம் மடங்கிக் கிடந்தாள். கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கினேன். கவிழ்த்து முதுகில் தட்டினேன். கஞ்சி மூக்கில் வந்தது. இருமினாள், இருமினாள், பிறகு மூச்சு வந்தது. நிறம் திரும்பியது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆமாம், சிரித்தாள். அதனால்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீதிக் கஞ்சியைக் கொட்டிவிட்டு, அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தேன். மூன்றரைக்கு இசக்கியப்பன் நனைந்துகொண்டு வந்தான். "சாப்பிட்டாளாக்கா?" என்றான்.

"உம்" என்றேன்.

இருட்டுவதற்குள் உடம்பு கொதித்தது. மறுநாள் பூந்தமல்லியில் காட்டி, அங்கிருந்து மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அண்ணன்தான் முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு வேன் பிடித்துவந்தான். நான் போகவில்லை. துணி இருந்தது. நான்காம் நாள், தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், என் கையில் யாரோ ஒருத்தியின் பாவாடை இருந்தபோது வேன் திரும்பி வந்தது. கனகலட்சுமி இறங்கினாள். அதே தோளில் அதேபோல் போட்டிருந்தாள்.

அண்ணன் வாசலில் நின்று, முதல்நாள் கேட்ட மாதிரியே, "தூங்குதா?" என்றான்.

ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைக்க மழையில் ரோடு இல்லை. ஏரிக்கரை ஓரத்தில், தண்ணீர் ஏறாத ஒரு மேட்டில் அண்ணனே இடம் பார்த்து, ஆளோடு ஆளாக மண் தள்ளினான். மடிப்புப் பிரிக்காத புதுப் பாவாடை ஒன்று அவளுக்காகத் தைத்து வைத்திருந்தேன். அதைத்தான் கட்டினார்கள். அப்படியும் நீளமாக இருந்தது.

பத்தாம் நாளுக்கு மேல் ஒரு மத்தியானம் கனகலட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "டாக்டர் கேட்டாவக்கா, புரையேறிச்சான்னு. இல்லன்னு சொன்னேன். ஏறியிருந்தா அக்கா சொல்லியிருப்பாவல்லா" என்றாள். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த நூலை உருவி மறுபடி கோத்தேன்.

"கடைசியா உங்க கையில என்ன சாப்பிட்டா?"

"கஞ்சி."

"நல்லா சாப்பிட்டாளா?"

"அரைக் கிண்ணம் சாப்ட்டா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "நான் பக்கத்துல இல்லியே" என்றாள்.

கார்த்திகை பிறந்தபிறகு மரகதம் மேடம் வந்தார். போகும்போது, தயங்கித் தயங்கி, பூமாரி அளவுக்கு ஒரு பையன் புதிதாக வந்திருப்பதாகவும், அவனுக்கு நாற்காலி இல்லையென்றும் சொன்னார். இசக்கியப்பன், "இப்படியே குடுக்க முடியாது மேடம். சரி பண்ணித் தாரேன்" என்றான்.

அந்த ஞாயிறு கனகலட்சுமி படப்பைக்கு ஒரு வீட்டுக்குப் போயிருந்தாள். அவன் முற்றத்தில் தெர்மாகோலைப் பரப்பி, நாற்காலியின் ஸ்குரூக்களைக் கழற்றினான். பக்கப்பலகை இரண்டும் அப்படியே இருக்கலாம். அடி, முதுகு, முன்பலகை, கால்பலகை, இந்த நான்கில் இரண்டு இரண்டு அங்குலம் எடுக்க வேண்டும். ஒன்பதே முக்காலில் கோடு போட்டான். என் ரூம் வாசலில் வந்து நின்றான்.

"யக்கா, பிடிக்க வாறியளா?"

போனேன். கைடை கோட்டில் வைத்து கிளாம்பை இறுக்கினான். நான் அறுந்து விழப்போகிற பக்கத்தைக் கையில் தாங்கினேன். அவன் குனிந்து மிஷினைப் பட்டையோடு ஒட்டவைத்து, சுவிட்சில் விரலை வைத்து, "பூமாரி, அப்பா மிசின் போடப் போறேன், என்ன" என்றான்.

சொன்னபிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் உடனே அமுக்கவில்லை. கனகலட்சுமி வழக்கமாக உட்காருகிற இடத்தை இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு அமுக்கினான்.

நான்கு துண்டுகள் விழுந்தன. நான்கும் இரண்டு அங்குலம். கடைசித் துண்டு என் கையில் இருக்கும்போதே சொன்னேன்.

"அன்னிக்கி தலகாணி இல்லாமத்தான் உக்கார வெச்சேன் இசக்கி. சரிஞ்சிட்டா. புரையேறிச்சி. உன்கிட்ட உம்னுட்டேன்."

அவன் மிஷினின் பிளேடிலிருந்து தூளை ஊதிக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா."

"எப்பிடி?"

"வரும்போதே பாத்தேன், தலகாணி கொடியில சொட்டிட்டுக் கெடந்துச்சு. நாக்காலி முன்பலவையில கஞ்சி காயாம இருந்துச்சு."

"ஒரு வார்த்த கேக்கலியேப்பா. ஆஸ்பத்திரிலயாச்சும் சொல்லியிருக்கலாமே."

"டாக்டர் கேக்கும்போது நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். வந்த பொறவு சொன்னேன், புரையேறியிருக்கும் சார்னு. ஏறுனாலும் ஏறாட்டியும் ஒரே மருந்துதான்னுட்டாரு." துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "அளவு சொன்னது நீங்க. அறுத்தது நான்லா. தாளு எங்கையிலதான இருந்துச்சு."

"என்னைத் திட்டிடுப்பா. ஒரு அற அறைஞ்சிடு."

"திட்டுனா?" என்றான். துண்டுகளைத் தட்டிச் சமன்செய்துகொண்டே, "கனகத்துக்கிட்ட மட்டும் சொல்லிராதிய. பிள்ளையப் பத்திப் பேச அவளுக்கு இந்த ஊருல உங்கள விட்டா ஆளு கெடையாது. அதையும் இல்லாம ஆக்கிராதிய" என்றான்.

ஓரங்களில் உப்புத்தாள் தேய்த்தான். வழக்கம்போல் என்னிடம் நீட்டினான். கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சிலாம்பு இல்லை. அடுக்கியிருந்த நான்கு துண்டுகளை அண்ணி வெந்நீர் அடுப்புக்கு எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நான் தடுக்கவும் இல்லை.

தை மாதம் அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். மிஷினை ஒருவன் வாங்கிப் போனான். கைடு வேண்டாம் என்றுவிட்டான். அது என் ரூமில் சுவரோரம் நிற்கிறது. வேறு எந்த மிஷினுக்கும் ஆகாது. அகலத் துணி வெட்டும்போது கோடு போட வைத்துக்கொள்கிறேன். யூனிபார்முக்கு வரும் அம்மாக்கள் இன்னும் சொல்கிறார்கள், கொஞ்சம் கூட வைத்துத் தையுங்கள் என்று. வைக்கிறேன். துணிதானே.

கனகலட்சுமி வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முந்தின நாள், மத்தியானம் போன் பண்ணுவாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. மழையைக் கேட்பாள், அண்ணி முழங்கால் வலியைக் கேட்பாள். பிறகு அந்தக் கஞ்சியைக் கேட்பாள். முதல் வருஷம் அரைக் கிண்ணம் என்றே சொன்னேன். அடுத்த வருஷம் முக்கால். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட வைத்துத்தான் சொல்கிறேன்.

போன தீபாவளிக்கும் கேட்டாள். "கடைசியா நல்லா சாப்பிட்டாள்லாக்கா?"

"கிண்ணம் காலி பண்ணிட்டா கனகா" என்றேன். "இன்னும் கேட்டு வாயத் தொறந்தா."